முப்பத்தேழாம் டோக்கன்

அந்த ஷட்டரைக் கொஞ்சம் இறக்கிக்கிடட்டா அண்ணாச்சி? பஸ்ஸு போற வேகத்துல சாரல் அடிக்கு. மடியில இருக்கது கம்ப்யூட்டர், நனைஞ்சா நம்ம பொழப்பு போச்சு. நீங்க என்ன பண்ணுதிய? வாழைக்காய் வியாபாரமா. ஏரல்லயா. நல்லது. கம்ப்யூட்டர் பக்கமே போறதில்லையா. ரொம்ப நல்லது. அந்தத் தொழில் தெரிஞ்சவன் பக்கத்துல உக்காந்தா இப்பல்லாம் நான் வாயே தொறக்கிறதில்ல. நாலு வார்த்தை பேசுறதுக்குள்ள, அந்த வரியை ஏன்வே எடுத்தீருன்னு கேட்டுருவான். எந்த வரின்னு பொறவு சொல்லுதேன்.

என் பேரு சங்கரலிங்கம். பாளையங்கோட்டையில சின்னதா ஒரு ஆபீஸ், நானும் ஒரு மேசையும்தான். அதுக்கு முன்ன பெங்களூர்ல பன்னெண்டு வருசம். இப்ப உள்ள பயலுவ மாதிரி அங்கங்க கிடக்கிறத எடுத்து ஒட்டுற ஆளு நான் இல்ல. மெமரி எப்படி நடக்கு, டிஸ்க் எப்படி நடக்குன்னு அடிவரைக்கும் தெரிஞ்சு எழுதுதவன். இத முதல்லயே சொல்லிக்கிடுதேன். முழுசாக் கேட்டுட்டு, இவனுக்குத் தொழில் தெரியாது போலன்னு நீங்க நினைச்சிரக் கூடாதுல்லா.

இப்ப எங்கருந்து வாரேன்னா, ஒரு மீன்பிடித் துறையிலருந்து. ஊரு பேரு வேண்டாம். அங்க படகுக்காரங்க சங்கம்னு ஒண்ணு இருக்கு. விடியக்காலம் கடலுக்குப் போற ஒவ்வொரு படகும் சங்கத்து பூத்துல டோக்கன் வாங்கிட்டுத்தான் போகணும். சாயங்காலம் கரைக்கு வந்ததும் டோக்கனைத் திருப்பிக் குடுத்துரணும். ஏதாவது ஒரு டோக்கன் திரும்பி வரலைன்னா, அந்தப் படகு இன்னும் கடல்ல கிடக்குன்னு அர்த்தம். உடனே தேடுறதுக்கு ஆளு போகும். அதுக்குத்தான் டோக்கனே. முன்ன நோட்டுல எழுதிக்கிட்டு இருந்தாவ. அதக் கம்ப்யூட்டர்ல பண்ணிக் குடுத்தவன் நான்.

பூத்துல உக்காந்து டோக்கன் போடுறது டெல்பின்னு ஒரு பொண்ணு. முப்பது வயசு இருக்கும். தகப்பன் இல்ல. தம்பி படிக்கான். இவ சம்பளத்துலதான் வீடு ஓடுது. ஓடிச்சு. நல்ல பொண்ணுதான், நான் இல்லைன்னு சொல்லலை. ஆனா கேள்வி ரொம்பக் கேப்பா.

முதல்ல நான் எழுதிக் குடுத்தது எந்தக் குறையும் இல்லாமத்தான் இருந்துச்சு. ஒரே ஒரு சங்கடம், மெதுவா இருந்துச்சு. சங்கத்துக்காரங்க வாங்கி வச்சிருந்தது கெழட்டுக் கம்ப்யூட்டர், அதுல கெழட்டு டிஸ்க்கு. ஒரு டோக்கனுக்கு எண்டர் அடிச்சா ஒண்ணரை செகண்டு நிக்கும். நமக்கு ஒண்ணரை செகண்டு பெருசில்ல. காத்து சாதகமா இருக்கும்போதே கிளம்பணும்னு அம்பது பேரோட வரிசையில நிக்கவனுக்குப் பெருசுதான். ஒருத்தன் சொன்னான், நோட்டுல எழுதும்போதே இதவிட வெரசாப் போச்சேன்னு. என் முகத்துக்கு நேரா சொன்னான். பன்னெண்டு வருசம் பெங்களூர்ல இருந்தவன்கிட்ட. எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு.

சரி, அந்த ஒண்ணரை செகண்டு எங்க போவுதுன்னா, அதான் அந்த வரி. உங்களுக்குப் புரியுற மாதிரி சொல்லுதேன். ஓட்டலுக்குப் போறிய. சர்வர் வாரான். ரெண்டு இட்லி, ஒரு வடை, ஒரு காபிங்கிய. அவன் எங்கயும் எழுதலை, மனசுல வச்சிக்கிடுதான். என்னப்பா சொன்னேன்னு கேட்டா அப்படியே திருப்பிச் சொல்லுவான். ஆனா அடுக்களைக்கு இன்னும் போகலை. நாலு மேசை பாத்துட்டுத்தான் உள்ள போவான். கம்ப்யூட்டரும் அப்படித்தான். டிஸ்க்குல இருக்க ஃபைலை மெமரியில விரிச்சு வச்சிட்டு, அதுலயே நேராக எழுதலாம். ரொம்ப வேகம். எழுதினத அது அரை நிமிசத்துக்கு ஒருக்கா போல தானே கொண்டு போயி டிஸ்க்குல சேத்துரும். அப்படிக் காத்திருக்கப் பிரியமில்லைன்னா எம்-சிங்க்னு ஒரு வரி போடணும். இப்பவே அடுக்களைக்குப் போ, அவ்வோ சரின்னு சொன்ன பொறவு திரும்பி வான்னு அர்த்தம். அந்த வரிதான் ஒவ்வொரு டோக்கனுக்கும் ஒண்ணரை செகண்டு தின்னுக்கிட்டு இருந்துச்சு.

எடுத்துட்டேன்.

இதுல ஒளிச்சு மறைக்க ஒண்ணுமில்ல. எத்தனையோ பேரு அந்த வரி இல்லாமத்தான் எழுதுதான். நான் சும்மாவும் எடுக்கலை, சோதிச்சுப் பாத்துட்டுத்தான் எடுத்தேன். சங்கத்துத் தலைவர் கஸ்பார் அண்ணன், இன்னும் நாலஞ்சு பேரு முன்னால வச்சு டோக்கன் போட்டேன். திரையிலயே இன்னொரு ஜன்னல்ல ஃபைலைத் தொறந்து காட்டினேன், டோக்கன் உள்ள இருந்துச்சு. பொறவு ப்ரோக்ராமைப் பாதியிலயே கொன்னேன். ஓடிக்கிட்டு இருக்கத பட்டுனு நிறுத்துறதக் கொல்லுறதுன்னுதான் எங்க பாஷையில சொல்லுவோம். திரும்பத் தொறந்தா டோக்கன் அப்படியே இருக்கு. பத்து தடவை கொன்னு காட்டினேன். பத்து தடவையும் இருந்துச்சு. எல்லாரும் கை தட்டினாவ. வரிசை சரசரன்னு போச்சு. பூத்துல உள்ளவங்களுக்கு டீயும் பன்னும் வாங்கிக் குடுத்தாரு கஸ்பார் அண்ணன்.

என்ன கேக்கிய? சர்வர்கிட்டயே கேட்டா அவன் மனசுல இருக்கதத்தானே சொல்லுவான், அடுக்களைக்குப் போயில்லா கேக்கணும்னா? நீங்க கம்ப்யூட்டர் பக்கமே போறதில்லைன்னிய.

ஆமா அண்ணாச்சி. ரெண்டு ஜன்னலும் ஒரே சர்வர்கிட்டத்தான் கேட்டுச்சு. ப்ரோக்ராமைக் கொன்னா, ஆர்டர் குடுத்தவன் எந்திரிச்சுப் போன மாதிரி. சர்வர் அப்படியேதான் நிப்பான், பொறவு உள்ள போயிச் சொல்லிருவான். சர்வரே மயங்கி விழுந்தாத்தான் ஆர்டர் தொலைஞ்சு போகும். சர்வர் மயங்குறதுன்னா கரண்டு போறது. அதுக்கு யூ.பி.எஸ். இருக்கு. நான் சொல்லியிருந்தேன், பேட்டரியை வருசா வருசம் மாத்துங்கன்னு. எழுதிக் குடுக்கலை, வாயால சொல்லியிருந்தேன். மாத்தலை. அது யார் தப்பு?

வரியை எடுத்து நாலு நாள் கழிச்சு டெல்பின் என்கிட்டக் கேட்டா. கம்ப்யூட்டர் பெட்டியோட முன்பக்கம் சின்னதா ஒரு சிவப்பு லைட்டு இருக்கும், டிஸ்க்குல எழுதும்போது மின்னும். அதப் பாத்திருக்கா. சார், முன்ன எண்டர் அடிச்ச கையோட அந்த லைட்டு ஒருக்கா மின்னும், இப்ப மின்னலையே, பொறவு அதுபாட்டுக்கு எப்பவோல்லா மின்னுதுன்னா. நான் சிரிச்சேன். கம்ப்யூட்டர் வேகமாயிட்டும்மா, உன் கண்ணுக்குத் தெரியலைன்னேன். பக்கத்துல நின்னவங்களும் சிரிச்சாவ. அந்தச் சிரிப்பு இப்ப நினைச்சா எனக்கே நல்லா இல்ல.

ஐப்பசி பிறந்து ஒரு வாரம் இருக்கும். விடிய அஞ்சு பத்துக்கு செலஸ்தீன்னு ஒருத்தரு டோக்கன் வாங்கினாரு. அம்பது வயசு, ஃபைபர் படகு. கூட மருமகன் ரூபர்ட்டு, இன்னொரு ஆளு. டோக்கன் முப்பத்தேழு. டெல்பின் எண்டர் அடிச்சா, சீட்டு அச்சாகி வந்துச்சு, அவரு வாங்கி ப்ளாஸ்டிக் கவர்ல போட்டுக்கிட்டு இறங்கிட்டாரு. அடுத்த ஆளு வரதுக்குள்ள வெளிய டிரான்ஸ்பார்மர்ல ஃபியூஸ் டமார்னு வெடிச்சுது. யூ.பி.எஸ். ரெண்டு தடவை கத்துச்சு. அவ்வளவுதான், நின்னு போச்சு. கால் மணி நேரம் கழிச்சு கரண்டு வந்துச்சு. கம்ப்யூட்டரைப் போட்டா, ஃபைல்ல முப்பத்தாறு வரைக்கும் இருக்கு. அடுத்து வந்த படகுக்கு அது முப்பத்தேழுன்னு இன்னொரு சீட்டு குடுத்துச்சு. அது அது வேலையைச் சரியாத்தான் செஞ்சுச்சு. அதுக்குத் தெரிஞ்சது முப்பத்தாறுதானே.

மத்தியானத்துக்கு மேல கடல் மாறிட்டு. எல்லாரையும் திரும்பச் சொல்லி மைக்குல கூப்பிட்டாவ. சாயங்காலம் எல்லா டோக்கனும் வந்துட்டு. ரெண்டாவதா முப்பத்தேழு வாங்கின படகும் வந்து சீட்டைக் குடுத்துட்டு. திரையில நம்பர் மட்டும்தான் வரும், படகு பேரு வராது; எல்லாம் பச்சை. செலஸ்தீனோட வீட்டுக்காரி பாக்கியம் பூத்துக்கு வந்து, எங்க வீட்டு ஆளு இன்னும் வரலையேன்னு நின்னிருக்கா. எல்லாப் படகும் வந்துட்டு, கம்ப்யூட்டர்ல இருக்குன்னு சங்கத்துல சொல்லியிருக்காவ. காத்து தள்ளுனா வேற துறையில கரை ஏறுறது உண்டு, அப்படி ஏறியிருப்பாரு, டோக்கனை யாரிட்டயாவது குடுத்து விட்டிருப்பாருன்னு அவளுக்குச் சமாதானம் சொல்லி அனுப்பிட்டாவ. பக்கத்துத் துறையெல்லாம் கேட்டு முடிச்சு, தேடுறதுக்கு ஆளு கிளம்பும்போது மறுநாள் சாயங்காலம்.

மூணாம் நாள் காலையில கண்டுபிடிச்சாவ. படகு கவுந்து கிடக்கு, மேல ரெண்டு பேரு தொத்திக்கிட்டு இருக்காவ. செலஸ்தீன் இல்ல. ரெண்டாம் நாள் பொழுது சாயுற வரைக்கும் மாமா பேசிக்கிட்டுத்தான் இருந்தாருன்னான் ரூபர்ட்டு. டோக்கன் இருக்குல, வந்துருவாங்க, வந்துருவாங்கன்னு சொல்லிக்கிட்டே இருந்திருக்காரு. பொறவு பிடி விட்டுப் போச்சு. ரூபர்ட்டு மடியில அந்த ப்ளாஸ்டிக் கவர் இருந்துச்சு. முப்பத்தேழு, அஞ்சு பத்துன்னு அச்சு அப்படியே இருந்துச்சு.

நான் இப்ப மீன் திங்கிறதில்ல அண்ணாச்சி. டாக்டர் வேண்டாம்னுட்டாருன்னு வீட்டுல சொல்லி வச்சிருக்கேன்.

ஒரே நம்பர்ல ரெண்டு சீட்டு எப்படி வந்துச்சுன்னு சங்கத்துல விசாரணை. என்கிட்ட அறிக்கை கேட்டாவ. நான் பொய் எழுதலை. முதல் முப்பத்தேழு ஃபைல்ல பதிவாகலைன்னு எழுதினேன், அது உண்மை. ஆபரேட்டர் சரியாப் பதிவு பண்ணாம சீட்டை மட்டும் அச்சடிச்சிருக்கலாம்னு எழுதினேன். இருக்கலாம்னுதான் எழுதினேன், இருக்குன்னு எழுதலை. அத அவ்வோ எப்படி எடுத்துக்கிட்டாவங்கிறதுக்கு நான் என்ன செய்ய முடியும்?

டெல்பினை வேலைக்கு வர வேண்டாம்னு நிறுத்திட்டாவ. நான் எண்டர் அடிச்சேன், நான் எண்டர் அடிச்சேன்னு அதையே சொல்லிக்கிட்டு இருந்தாளாம். செலஸ்தீன் அவளுக்கு ஞானத்தகப்பன். ஞானஸ்நானத்துல அவளைக் கையில வாங்கினவரு. அவ அப்பன் போன பொறவு செலஸ்தீனுக்கு இவதான் மூத்த மகள்னு ஊரே சொல்லும். அவரு டோக்கனை நான் கவனமில்லாமப் போடுவனான்னு கேட்டிருக்கா. அதெல்லாம் ரெக்கார்டுல வராதுல்லா. இப்ப பாக்கியம் அவகூடப் பேசுறதில்ல. கோயில்ல இவ உக்காந்த பெஞ்சுல வேற யாரும் உக்காரதில்லைன்னு கேள்விப்பட்டேன்.

அறிக்கை குடுக்கதுக்கு முன்னயே எனக்குத் தெரியுமான்னா கேக்கிய?

வீட்டுல ஒரு பழைய கம்ப்யூட்டர் கிடந்துச்சு. அதுல அந்த ப்ரோக்ராமைப் போட்டு, டோக்கன் அடிச்சு, சுவத்துலருந்து ப்ளக்கை உருவினேன். திரும்பப் போட்டா டோக்கன் இல்ல. ஒரே தடவைதான் செஞ்சேன். மத்ததுக்குப் பத்து தடவை செஞ்சவன், இதுக்கு ஒரு தடவைக்கு மேல கை வரலை. அது அறிக்கை எழுதுததுக்கு முந்தின நாள்.

இன்னொண்ணு விட்டுட்டேன். பெருசா ஒண்ணுமில்ல. கரண்டு போன அன்னைக்குக் காலையில எனக்கு ஒரு போன் வந்துச்சு. அஞ்சரை மணி இருக்கும். டெல்பின்தான். சார், கரண்டு போயி வந்துச்சு, இப்ப முப்பத்தேழு திரும்ப வருது, நான் ஏற்கனவே முப்பத்தேழு குடுத்த மாதிரி இருக்கு, நிறுத்தட்டுமான்னு கேட்டா. பின்னால வரிசையில கத்துதாவ, எனக்குக் கேக்குது. நான் தூக்கத்துல இருந்தேன். கம்ப்யூட்டர் தப்பாச் சொல்லாதும்மா, நீதான் முப்பத்தாறைக் குடுத்துட்டு முப்பத்தேழுன்னு நினைச்சிருப்ப, அது என்ன நம்பர் சொல்லுதோ அதப் போடுன்னேன். சரி சார்னு வச்சிட்டா. விசாரணையில அவ இதச் சொல்லியிருக்கா. என்கிட்டக் கேட்டாவ. போன் வந்துச்சு, என்ன பேசினோம்னு ஞாபகம் இல்லைன்னேன்.

எனக்கும் ரெண்டு பிள்ளைக இருக்கு அண்ணாச்சி. இந்தப் பக்கத்துல எட்டுத் துறையில என் ப்ரோக்ராம்தான் ஓடுது. ஒரு இடத்துல பேரு கெட்டா எட்டு இடத்துலயும் போயிரும். அந்தப் பொண்ணுக்கு இது இல்லைன்னா ஐஸ் கம்பெனி, வலைக் கம்பெனி, ஏதோ ஒண்ணு கிடைக்கும். போலீசுக்குப் போகாம கவனக்குறைவுன்னு முடிச்சதே நான் பேசினதாலதான். அத யாரும் சொல்ல மாட்டாவ.

இன்னைக்குத்தான் கடைசிக் கூட்டம். அவளைத் திரும்ப எடுக்கலாமா வேண்டாமான்னு. கஸ்பார் அண்ணன் எல்லார் முன்னாலயும் என்கிட்ட ஒரே கேள்வி கேட்டாரு. தம்பி, மிஷின் பக்கம் தப்பு இருக்க வாய்ப்பு உண்டா, நீங்க ஒரு வார்த்தை சொன்னா அந்தப் பிள்ளையை உக்கார வச்சிருவோம்னாரு. அவ ஓரமா நின்னா. என்னப் பாக்கலை, தரையப் பாத்துக்கிட்டு நின்னா. நான் ப்ரோக்ராம்ல தப்பு இல்லைன்னேன். அது உண்மைதான். இருக்க வரியில ஒண்ணுலயும் தப்பு இல்ல.

வேண்டாம்னு முடிவாயிட்டு.

கூட்டம் கலைஞ்ச பொறவு நான் பூத்துக்குப் போனேன். மழைக்காலத்துக்கு ஒரு சின்ன அப்டேட்டு இருக்குன்னு சொல்லி, அந்த வரியைத் திரும்பப் போட்டேன். மெதுவாயிருமேன்னு புதுசா வந்த ஆளு கேட்டான். அதுக்குத்தான் புது டிஸ்க்கு ஒண்ணு கொண்டு வந்திருக்கேன்னேன். என் சொந்தச் செலவு. அதையும் மாட்டிட்டு, சோதனைக்குச் சும்மா டோக்கன் அடிச்சுக்கிட்டு இருந்தேன். ஒண்ணு, ரெண்டுன்னு வரிசையா ஒரு அம்பது அடிச்சுப் பாப்பேன், அது என் வழக்கம்.

பத்து போல அடிக்கும்போது ஜன்னல்ல வெளிச்சம் மறைச்சுது. டெல்பின் நின்னா. மேசையில அவ டிபன் பாக்சும் குடையும் கிடந்துச்சு, அத எடுக்க வந்திருக்கா. எடுத்துக்கிட்டா. ஆனா போகலை. நான் அடிக்கிற ஒவ்வொரு எண்டருக்கும் பெட்டியில சிவப்பு லைட்டு ஒருக்கா மின்னி அணையுது. அதையே பாத்துக்கிட்டு நின்னா.

"இப்ப மின்னுதே சார்."

புது டிஸ்க்கும்மா, அப்படித்தான் இருக்கும்னேன். ம்னு ஒரு சத்தம், அவ்வளவுதான். அழலை. சண்டை போடலை. சண்டை போட்டிருந்தா பதில் வச்சிருந்தேன் அண்ணாச்சி, பேட்டரி, டிரான்ஸ்பார்மர், வரிசையில கத்தினவன், எல்லாம் அடுக்கி வச்சிருந்தேன். அவ உதடு மட்டும் அசையுது. எண்ணுதா. நிறுத்தினா என்னமோ ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிருமேன்னு நானும் அடிச்சுக்கிட்டே இருக்கேன். இருவது. முப்பது. முப்பத்தஞ்சு. முப்பத்தாறு.

கை நின்னுட்டு. சும்மா சோதனைதான், ஒரு நம்பர்தான், எண்டர்தான். விரல் மேலயே இருக்கு, இறங்க மாட்டேங்கு. புதுசா வந்த ஆளு என்னப் பாக்கான். போதும், நல்லா இருக்குன்னு சொல்லிக்கிட்டே பெட்டியைச் சாத்தப் போனேன்.

அப்பதான் அவ குடையை ஜன்னல் கம்பியில மாட்டிட்டு, ரெண்டு கையையும் திட்டுல ஊனிக்கிட்டா. டோக்கன் வாங்க வந்தவங்க நிப்பாங்கள்ல, அந்த மாதிரி. குரல்ல கோவம் ஒண்ணும் இல்ல அண்ணாச்சி. சாதாரணமாத்தான் சொன்னா.

"இன்னும் ஒண்ணு அடிங்க சார்."